ஆறு டிரைவ்

"இந்த மனுஷனை நம்பினேன் பாருங்க தம்பி, என்னைச் சொல்லணும்!"

கடைக்குள்ள கால் வைக்கும்போதே அந்தம்மா ஆரம்பிச்சுட்டாங்க. பின்னாடியே அவங்க வீட்டுக்காரர், கையில ஒரு துணிப்பையோட, தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்தார்.

அவரை எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். மனசுக்குள்ள நான் அவருக்கு வச்ச பேர் 'ஆராய்ச்சி'. மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை வருவார். "தம்பி, சீக்கிரம் கெட்டுப்போகாத டிரைவ் எது?"ன்னு ஆரம்பிச்சார்னா என் உயிரை எடுத்துட்டுத்தான் விடுவார்.

ஹார்ட் டிஸ்க் நல்லதா, எஸ்.எஸ்.டி. நல்லதா? கீழே விழுந்தா எது தாங்கும்? எடுக்காம சும்மா வச்சிருந்தா எத்தனை வருஷம் நிக்கும்? வாரண்டி முடிஞ்ச மறுநாளே போயிடாதே?

"சார், போலீஸ் ஸ்டேஷன்லகூட இத்தனை கேள்வி கேட்க மாட்டாங்க"ன்னு ஒருநாள் சொல்லியே விட்டேன். அவர் சிரிக்கலை.

கடைசியில இருக்கிறதுலேயே நல்லதா ஒண்ணைப் பார்த்து வாங்கிட்டுப் போவார். அடுத்த மூணாவது மாசம் மறுபடி வந்து நிப்பார். வேலைவெட்டி இல்லாத ஆளு போலன்னு நினைச்சுக்குவேன்.

போன மாசம் ஒரு பழைய லேப்டாப்போட வந்தார். "சுவிட்ச்சைப் போட்டா டக் டக்குன்னு சத்தம் மட்டும்தான் வருது தம்பி"ன்னார். மகளோட லேப்டாப்புன்னும், மக ரெண்டு வருஷம் முன்னாடி ரோட்டுல அடிபட்டுப் போயிட்டான்னும் அன்னிக்குத்தான் சொன்னார். "அவ குரலே மறந்து போகுதுன்னு வீட்டுல ஒரே அழுகை. அதான் துணிஞ்சு போட்டுப் பார்த்தேன்."

எனக்குத் தெரிஞ்ச வித்தையெல்லாம் காட்டிட்டு, டேட்டா எடுத்துக் கொடுக்கிற பெரிய இடத்துக்கும் அனுப்பினேன். டிஸ்க்குக்குள்ள இருக்கிற தட்டு பூரா கீறல் விழுந்துடுச்சு, ஒண்ணும் எடுக்க முடியாதுன்னு நேத்து திருப்பி அனுப்பிட்டாங்க.

அப்பவும் நான் பெருசாக் கவலைப்படலை. நம்மகிட்ட இத்தனை டிரைவ் வாங்கியிருக்காரே, ஏதாவது ஒண்ணுல காப்பி இருக்காமலா போகும்? "என்கிட்ட வாங்கின எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க சார்"னு போன்ல சொன்னேன். "சரி தம்பி"ன்னு வச்சுட்டார்.

அந்தம்மா என் மேஜையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.

"எத்தனை தடவை சொல்லியிருப்பேன் தம்பி! அவ வீடியோவையெல்லாம் வேற எதுலயாவது போட்டு வைங்க, போட்டு வைங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டா, 'நல்ல டிரைவாத் தேடிட்டிருக்கேன்'பார். ரெண்டு வருஷமாவா தேடுவாங்க? இத்தனைக்கும் நான் கம்ப்யூட்டர் டீச்சர். எதையும் ரெண்டு காப்பி வைக்கணும்னு ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவ!"

"உட்காருங்க மேடம்."

உட்காரலை. "அவ போனும் அவளோடயே நொறுங்கிப் போச்சு. அவ குரல் இந்த லேப்டாப்புல மட்டும்தான் தம்பி இருந்துச்சு. அப்பா தும்முற மாதிரியே தும்மிக் காட்டுவா. நான் கிளாஸ் எடுக்கிற மாதிரி எடுப்பா. எல்லாம் போச்சே... ரெண்டாவது தடவையும் போயிட்டாளே..."

எனக்கே பொறுக்கலை. "என்ன சார் இது? இன்னும் தேடிட்டிருக்கேன்னா சொன்னீங்க? என்கிட்ட மட்டுமே ஆறு வாங்கியிருக்கீங்களே!"

அந்தம்மா அழுகையை நிறுத்திட்டு அவரைப் பார்த்தாங்க. "ஆறா?"

"ஆமா மேடம். ஒவ்வொண்ணும் கடையிலேயே நல்லது."

"வீட்டுக்கு ஒண்ணுகூட வரலையே! எந்த மவராசனுக்குத் தூக்கிக் கொடுத்தீங்க? வாயைத் திறந்து சொல்லுங்க!"

அவர் துணிப்பையை மேஜை மேல கவிழ்த்தார்.

ஆறு டப்பா. ஒண்ணுலகூட சீல் பிரிக்கலை.

"ஆபீஸ் பீரோவுல வச்சிருந்தேன்." அவர் குரல் எனக்கே சரியாக் கேட்கலை. "ஒவ்வொண்ணு வாங்கும்போதும், நீ ஸ்கூலுக்குப் போன பிறகு லேப்டாப் முன்னாடி போய் உட்காருவேன். சுவிட்ச் வரைக்கும் கை போகும். போட்டா முதல்ல அவ சிரிக்கிற படம்தானே வரும்? அதைத் தாண்டித்தானே உள்ள போகணும்? அப்படியே மூடி வச்சுடுவேன். இந்த டிரைவ் சரியில்லை, இதைவிட நல்லது இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு, மறுபடி தம்பிகிட்ட வந்துடுவேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. ஆராய்ச்சியாம், ஆராய்ச்சி! பேர் வைக்க வந்துட்டேன் பெருசா.

அந்தம்மா ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அவருக்கு இன்னிக்கு நல்லா விழப்போகுதுன்னு நினைச்சேன்.

அவங்க கத்தலை. டப்பாவை மெதுவா வச்சுட்டு, அவர் சட்டைக் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"என்னால முடியலைன்னுதாங்க, உங்களைப் போடச் சொல்லிக் கத்திட்டே இருந்தேன்."