எடை கூடிய பிள்ளை

கட்டட வேலையிடத்துச் சாரக்கம்பியில் மாட்டிய தராசுத் தூளியில் பிள்ளை தொங்குகிறது. தாய்சேய் நல மேற்படிப்புக்காக வாராவாரம் எடை பார்க்க வருபவளுக்கு இங்கே எடையம்மா என்று பெயர். வெயிலில் கூசும் கண்களைச் சுருக்கி முள்ளைப் பார்க்கிறாள், கூடியிருக்கிறது. செங்கல் சுமக்கும் தாய் சிரிக்கிறாள். அதற்குள் பிள்ளை மூத்திரம் பெய்ய, தூளி சொட்டச் சொட்ட முள் போன வார அளவுக்கும் கீழே இறங்குகிறது. “எடை கூட்டிக் காட்டத் தண்ணி குடுத்தியாக்கா?” “எடை குறைஞ்சா ஆஸ்பத்திரியில சேக்கணும்னீங்க. அங்க போய் உக்காந்தா இங்க வேலை போயிடும் எடையம்மா. மொதல்ல பாத்ததையே எழுதிக்குங்க.” மேலிருந்து மேஸ்திரி கத்துகிறார்: “எடை போடுறது புள்ளையையா, யானையையா?” எடையம்மா பிள்ளையை அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொள்கிறாள். ஈரம் முதுகில் இறங்குகிறது. “ஆஸ்பத்திரிக்கு வாக்கா.” தலைச் சும்மாட்டை எடுக்காமலே தாய் பின்னால் நடக்கிறாள்.