சிரிக்க வைக்காத பிணம்

நடிகை கனகாம்புஜம் டிவி சேனல்காரர்களுக்குத் தர வேண்டிய பாக்கி நான்கு லட்சத்துப் பதினேழாயிரத்து அறுநூறு ரூபாய். தொண்டை ஆபரேஷனுக்கு வாங்கியது. அந்தக் கடன் அடையும்வரை அவள் முகமும் குரலும் அவர்களிடம் அடமானம். நாயகி, வில்லி, மாமியார் என்று எல்லா வேஷமும் கட்டி, பாட்டும் பாடிச் சம்பாதித்தவள், இப்போது ஒற்றை அறையில் தனியாக உட்கார்ந்து, கம்ப்யூட்டர் செய்த தன் உருவம் தொடரில் நடிப்பதையும் பாடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு வரி பாடினாலும் அபராதம் என்பதால் வாயைத் திறப்பதில்லை.

அன்று தொடரில் அந்த உருவத்தைச் சாகடித்து, மாலை போட்டுப் பாடையில் கிடத்தினார்கள். அந்த நேரத்தில்தான் சேனல் ஆபீஸிலிருந்து போன் வந்தது.

"அம்மா, உங்க கேரக்டரை முடிச்சாச்சு. பாக்கியையும் தள்ளுபடி பண்ணிட்டாங்க. இனிமே எங்க வேணா பாடிக்கோங்க."

"அது கெடக்கட்டும் தம்பி. பொணமா படுத்தவள எழுப்பிச் சிரிக்க வெச்சீங்களா?"

"தமாஷ் பண்ணாதீங்கம்மா. வெறும் படம் அது, யாரை எழுப்புறது?"

"படமா? அது என் மூஞ்சி தம்பி."

பிணமாக நடித்தவரைக் காட்சி முடிந்ததும் எழுப்பி, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வைப்பது ஷூட்டிங் வழக்கம். இல்லாவிட்டால் ஆயுசுக்கு ஆகாது என்பார்கள். எத்தனையோ முறை அவளைச் சுற்றி நின்று, வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிரிப்பு மூட்டியிருக்கிறார்கள்.

கனகாம்புஜம் நாற்காலியை டிவி முன்னால் இழுத்துப் போட்டு, மாலைக்கு நடுவே கிடந்த தன் முகத்தைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். சிரிப்பு மூட்ட ஆளில்லாததால், அது வர வெகுநேரம் பிடித்தது.