விசிலடிக்கும் வண்டி

"இந்த வண்டி வேண்டாம் சார். வாங்க, போயிடலாம்."

தார்ப்பாயை முழுசாக உருவக்கூட இல்லை, அதற்குள் ஸ்பேனர் இப்படிச் சொல்லிவிட்டான். அந்த வட்டாரத்தில் பழைய கார் வாங்குகிற யாரும் மெக்கானிக் ஸ்பேனரைக் கூட்டிப் போகாமல் முன்பணம் கொடுக்க மாட்டார்கள். முகர்ந்து பார்த்து, தட்டிப் பார்த்து, அடியில் படுத்துப் பார்த்து, அப்புறம்தான் வாயைத் திறப்பான். இன்று என்னவோ, நின்ற இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

கூட்டி வந்த போட்டோ ஸ்டுடியோக்காரருக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன தம்பி, சாப்பிட உட்கார்றதுக்கு முன்னாடியே கை கழுவறே? என் பட்ஜெட்டுக்கு இப்படிப் பறக்கற டர்போ வண்டி வேற எங்க கிடைக்கும்?"

"பழைய டர்போ யானை மாதிரி சார். வாங்கிடலாம், தீனி போட்டு மாளாது."

"ஆசை யாரை விட்டுது? எனக்கில்ல, என் பொண்ணுக்கு. ஓட்டினா இந்த மாதிரி வண்டிதான் ஓட்டுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. நாளைக்குக் காலையில அவளே வந்து ஓட்டிட்டுப் போவா."

வண்டியை விற்கிற அம்மாள் ஷட்டர் ஓரமாக நின்றிருந்தாள். வந்ததிலிருந்து அவள் வண்டியின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்கிறாளா என்றே சந்தேகமாக இருந்தது.

"ஏம்மா, வண்டியில ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டார் ஸ்டுடியோக்காரர்.

"எனக்கென்ன தெரியும் சார்? தெரிஞ்சவங்க சொல்லட்டும்."

வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். ஷெட்டுக்குள் மட்டும் ஏனோ சில்லென்று இருந்தது. கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக விழுந்த வெளிச்சம் அந்தக் கறுப்பு வண்டியின் முன்பக்கத்தில் வட்டமாக நின்றது. ஸ்பேனர் அந்தப் பக்கம் போகவே இல்லை. டிக்கியைத் தாண்டி ஓர் அடி வைக்கவில்லை.

"அடியில துரு பிடிச்சிருக்கும் சார்."

"தட்டி ஒட்டிக்கலாம்."

"ஆயில் குடிக்கும்."

"குடிக்கட்டுமே. என் மச்சானும்தான் குடிக்கிறான், வச்சுச் சோறு போடலையா?"

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஸ்பேனரும் சிரிக்கவில்லை.

ஸ்டுடியோக்காரர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். ஒரே திருகலில் பற்றிக்கொண்டது. ஆக்சிலேட்டரை அழுத்தியதும் எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு விசில் கிளம்பியது. மெல்லிசாக, இழுத்துக்கொண்டே போகிற விசில். யாரோ ஒரு பெண் திடுக்கிட்டு மூச்சை உள்ளே இழுத்த மாதிரி இருந்தது.

"நிறுத்துங்க சார்!" ஸ்பேனர் காதைப் பொத்திக்கொண்டான்.

சாவியைத் திருப்பினார். டர்போ வண்டியை இப்படிச் சட்டென்று அணைக்கக் கூடாது, கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும். வேறு நாளாக இருந்தால் ஸ்பேனர் சத்தம் போட்டிருப்பான். இன்று காதிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எஞ்சின் நின்ற பிறகும் விசில் உடனே நிற்காமல், தேய்ந்து தேய்ந்து அடங்கியது.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? உள்ள பேய் கீய் இருக்கா?"

"விளையாடாதீங்க சார்."

"சரி, பக்கத்துல ஏறு. ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

"உசிரே போனாலும் இதுல ஏற மாட்டேன்."

"காரணம் சொல்லாம மாட்டேன் மாட்டேன்னா எப்படி? பொண்ணுகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன்?" ஸ்டுடியோக்காரர் இறங்கிப் பையிலிருந்து பணத்தை எடுத்தார். "இந்தாங்கம்மா, முன்பணம்."

அம்மாள் கையை நீட்டினாள். யாரோ பெற்ற பெண், நாளைக் காலையில் இந்த ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போகிறாள். ஸ்பேனருக்கு மனசு கேட்கவில்லை. பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், பொண்ணு கையில இதைக் கொடுக்காதீங்க. டர்போ அளவுக்கு மேல போகாம அடக்கி வைக்க ஒரு ரப்பர் குழாய் இருக்கு. அதுக்குள்ள ஒரு சைக்கிள் பேரிங் குண்டைப் போட்டு அடைச்சிருக்கு. வேகம் வேணும்னு செஞ்ச திருட்டு வேலை. மெதுவா போனா சாது. கொஞ்சம் அழுத்தினா முதல்ல ஒண்ணுமே இருக்காது, அப்புறம் பிச்சுக்கிட்டுப் பாயும். பிரேக்குக்குக் கால் போறதுக்குள்ள, எதிர்ல யார் வந்தாலும்..."

பிடித்திருந்த கையை விட்டான்.

ஸ்டுடியோக்காரர் பணத்தைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அந்தக் குண்டு வெளியில தெரியுமா தம்பி?"

"தெரியாது சார். குழாயை வெட்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

"இதுவரைக்கும் நான் கூட்டிட்டு வந்த மெக்கானிக் எல்லாரும் பானெட்டைத் திறந்து பார்த்துட்டுத்தான் குறை சொன்னாங்க. அவங்களுக்கே அந்தக் குண்டு தெரியல. நீ இன்னும் பானெட்டைத் தொடவே இல்லையே?"

ஸ்பேனர் பின்வாங்கினான். முதுகுக்குப் பின்னால் ஷட்டர் கடகடவென்று இறங்கியது. கூரை ஓட்டை வெளிச்சம் மட்டும் மிச்சம்.

"ஏங்க, இந்த வண்டியை போலீஸ் ஏலத்துல எடுத்தது வீண் போகல," என்றாள் அந்த அம்மாள், ஸ்டுடியோக்காரரைப் பார்த்து. "நம்ம பொண்ணு மேல இதை ஏத்திட்டு, அவளையும் வண்டியையும் நடுரோட்டுல விட்டுட்டு ஓடினவன் இவன்தான்."