ஊரறிய ஒரு வெள்ளோட்டம்

பஞ்சாட்சரத்தை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. மாடு வாங்கப் போனால் மாட்டின் பல்லைப் பார்ப்பார். அதற்கப்புறம் விற்பவன் முகத்தையும் வெகுநேரம் பார்ப்பார். அப்படிப்பட்டவர் சில நாட்களாக யாரோடும் பேச்சில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு படகை.

பழைய காலத்து உல்லாச மோட்டார் படகு. தேக்கு உடம்பு, பித்தளைக் கைப்பிடி, உள்ளே கட்டில் போட்ட அறை. சென்னையிலிருந்து சுகுமார் என்பவன் அதை லாரியில் கொண்டுவந்து, உத்திரமேரூர் பக்கத்திலிருந்த அந்தக் கிராமத்தின் ஏரிக்கரையில் இறக்கியிருந்தான்.

“படகுன்னு சொல்லாதீங்கண்ணே, யாட்டு! ஏரியில வுட்டீங்கன்னா மெட்ராஸ் ஜனம் சனி ஞாயிறு இங்கதான் கெடக்கும்.”

ஆசை அரித்தது. ஆனால், வாங்குவதென்றால் மனைவி தாயாரம்மாளின் நகை மொத்தத்தையும் விற்றாக வேண்டும்.

“எங்க அம்மா வூட்டு நகைய தண்ணியில வுடப் போறியா? கோடையில ஏரி காஞ்சி கெடக்குமே, அப்ப இன்னா, படகுல ஏர் ஓட்டுவியா?” என்றாள் அவள்.

சுகுமார் நெருக்கவில்லை. “ஓட்டிக் காட்டறேன். புடிச்சா வாங்குங்க. அட்வான்ஸ் கூட வேணாம்” என்றான். வெள்ளோட்டம் மட்டும் ஊரறிய நடக்க வேண்டுமாம். கோயில் மைக்கில் அவனே கூவினான். “ஒருத்தரும் வூட்ல தங்காதீங்க! எல்லாருக்கும் கரையில பிரியாணி கீது!” நடக்க முடியாத கிழங்களை அழைத்துவர வேன் கூட வைத்தான்.

பஞ்சாட்சரம் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். பையனின் தந்திரம் அவருக்குப் புரிந்துவிட்டது. ஊரே பார்க்க நிற்கவைத்தால் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. கௌரவத்துக்காகத் தலையாட்டித்தான் ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரையில் திருவிழாக் கூட்டம். படகு கரும்புகை கக்கியபடி ஏரியை வலம் வந்தது. விசில் பறந்தது. பிரியாணி தீரத் தீர இன்னொரு அண்டா வந்திறங்கியது.

மத்தியானம் படகு கரை சேர்ந்ததும், “இன்னாண்ணே யோசிச்சிக்கினு கீற? சரின்னு சொல்லு!” என்று பக்கத்து வீட்டுப் பச்சமுத்து உசுப்பினான்.

கரை மொத்தமும் அவர் வாயையே பார்த்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியை எடுத்துப் படகின் அடிப்பக்கம் ஒரு குத்து குத்தினார். வாழைத்தண்டில் இறங்குகிற மாதிரி இறங்கியது.

“தேக்குன்னியேப்பா? மேலதான் பெயின்ட்டு, உள்ள உளுத்துப் போய்க் கீது. எனக்கு வேணாம்.”

கரையே கைதட்டியது.

சுகுமாருக்குக் கோபம் வரவில்லை. கைபேசியை ஒருதரம் பார்த்துக்கொண்டான். “கெட்டிக்காரர்ண்ணே நீங்க! பரவால்ல, படக ஏத்திக்கினு போவ லாரி இட்டாரேன்” என்று கும்பிட்டுவிட்டு வேனில் ஏறிப் போனான்.

“உன் நகை பொயச்சிது, போ” என்றார் பஞ்சாட்சரம், துண்டை உதறித் தோளில் போட்டபடி. தாயாரம்மாள் பல வருஷத்துக்குப் பிறகு அவரைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தாள். அவர் சாமர்த்தியத்தைப் பேசிக்கொண்டே ஊர் மொத்தமும் பின்னால் நடந்தது.

தெருமுனை வீட்டில் முதல் அலறல் கேட்டது. அடுத்தது எதிர்வீட்டில். பஞ்சாட்சரம் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது, அவர் வீட்டு வாசலில் பூட்டு உடைந்து தொங்கியது. உள்ளே தாயாரம்மாளின் பீரோ வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

அன்று அந்த ஊரில் திருடு போகாமல் மிஞ்சியது, ஏரியில் கேட்பாரற்று நின்ற அந்தப் படகு ஒன்றுதான்.