அத்தி நிழல் விழுந்த வரிசை

பிடித்து இழுத்ததும் காப்பிச்செடி கையோடு வந்துவிட்டது.

தண்டுக்குள் மாவு மாவாகத் தூள். வண்டு அரித்துப் போன வழி.

அவன் அதைச் சரிவோரம் மூட்டியிருந்த நெருப்பில் போட்டான். அடுத்ததைப் பிடித்தான். அதுவும் அப்படித்தான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இந்தச் சரிவில் பலா நின்றது. நாவல் நின்றது. கல்யாண முருங்கை நின்றது. நிழல் குறைந்தால் காய்ப்புக் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரே கோடையில் அத்தனையையும் சாய்த்தான். சில்வர் ஓக் கன்றுகள் நட்டான். அவை இன்னும் குச்சி குச்சியாகத்தான் நிற்கின்றன. ஒரு கோழி ஒதுங்கக்கூட நிழல் இல்லை.

வெயில் நேராகச் செடிகள்மேல் இறங்கியது. அதன் பின்னாலேயே வண்டு வந்தது.

கடைசி வரிசையில் அவன் கை நின்றது.

கரும்பச்சை இலைகள். தண்டைத் தடவினான். ஒரு துளை இல்லை.

எண்ணினான். பதினேழு.

வேலிக்கு அப்பால் நிற்கும் அத்தியின் நிழல் அந்த வரிசையின் மேல் விழுந்திருந்தது.

பக்கத்துத் தோட்டத்து அங்கம்மாளின் மரம். நிழல் விழுகிறதென்று கிளையை வெட்டச் சொல்லி இரண்டு முறை சண்டைக்குப் போயிருக்கிறான். பறவை பசியாறும் மரத்தில் அரிவாள் வைக்க மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

கார்த்திகையில், அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வேலி தாண்டினான். அடிமரத்தில் நாலு துளை போட்டான். நாலிலும் பெருங்காயத்தை வைத்து அடைத்தான். மேலே மண் பூசினான். நின்றபடியே பட்டுப்போகும். யாருக்குத் தெரியப்போகிறது.

இப்போது பங்குனி.

மஞ்சள் இலையொன்று அவன் தோளில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தான். உச்சிக்கிளைகள் மொட்டையாக இருந்தன.

ஓடையிலிருந்து அங்கம்மாள் ஏறி வந்தாள். தலையில் ஒரு குடம். இடுப்பில் ஒரு குடம். மரத்துக்கு மஞ்சள் துணி கட்டி வேண்டிக்கொண்டிருக்கிறாள் போலும். துணிக்கு ஒரு சாண் கீழே அவன் பூசிய மண்.

தலைக்குடத்தை வேரில் ஊற்றினாள்.

"தண்ணி பத்தல போலண்ணே. இது போச்சுன்னா உங்க பதினேழு செடியும்ல போயிரும்."

அவளும் எண்ணியிருக்கிறாள்.

அவன் வேலியைத் தாண்டினான். மரத்தடியில் முழங்கால் போட்டான். நகத்தால் மண்ணைச் சுரண்டினான்.

வாசனை வந்தது.

தினமும் அடுப்படியில் நிற்கிறவள். அவள் கை குடத்தின் மேல் அப்படியே நின்றது.

அவன் தலை நிமிரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவன் செடிகள் வெடித்து எரிந்துகொண்டிருந்தன.

"எத்தன எடத்துலண்ணே?"

நாலு விரல் காட்டினான்.

அவள் இடுப்புக்குடத்தை இறக்கினாள். அவன் கைக்கு எட்டுகிற இடத்தில், துளைகளுக்குப் பக்கமாக வைத்தாள்.

குடத்து நீரில் இன்னோர் இலை விழுந்தது.