கைச்சூடு

புதூர்நாட்டு மலையில் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. ஓட்டு வீட்டுக்குள் சகுந்தலா இறந்து கிடக்கிறாள். விடிந்ததும், உயிர் போவதற்குச் சற்று முன்பு, ரத்தம் எடுத்த இடத்தில் வைத்த பஞ்சு அவள் முழங்கை மடிப்பில் அப்படியே ஒட்டியிருக்கிறது. அந்த ரத்தம் நிறைந்த சிறு குழாயை ஆராய்ச்சியாளர் ஹெப்சி வாசலில் நின்று உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்திருக்கிறாள். குளிர் தாக்கினால் அதிலுள்ள வெள்ளணுக்கள் கெட்டுவிடும். சகுந்தலாவின் மார்பில் வந்த புற்றை இரண்டு வருடம் வளரவிடாமல் மறித்து நின்றவை அவை. எப்படி நின்றன என்று தெரிந்துகொள்ளத்தான் ஹெப்சி வேலூரிலிருந்து திரும்பத் திரும்ப மலையேறி வருகிறாள். அதே நோய் வந்த தன் அம்மா மதலேனாளின் உடம்பில் அதே அணுக்கள் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. ஏன் என்ற கேள்விதான் அவளை இந்தப் படிப்புக்கே இழுத்து வந்தது. புளியமரத்தடியில் அவளுக்காகக் காத்திருக்கும் ஜீப் ஹாரன் அடிக்கிறது. சகுந்தலாவின் புருஷன் ராஜேந்திரன் வெளியே வந்து ஹெப்சியின் மூடிய கையையே பார்க்கிறான்.

"டாக்டரம்மா, அதுல இன்னும் உசிரு கீதுங்களா?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இருக்குதுங்க. ராத்திரி வரைக்கும் இருக்கும். அதுக்குள்ள லேபுக்கு எடுத்துட்டுப் போயாவணும்."

அவன் கை நீட்டுகிறான். கொடுக்கிறாள். அவளைப் போலவே அதை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு வாசற்படியில் உட்காருகிறான்.

"அப்ப இங்கியே இருக்கட்டும்ங்க. பொண்ணு ஹாஸ்டல்லேர்ந்து சாயங்காலம்தான் வருது."

ஜீப் மறுபடியும் ஹாரன் அடிக்கிறது. இன்ஜினை நிறுத்தச் சொல்லி ஹெப்சி டிரைவருக்குக் கை காட்டுகிறாள்.