சார்பு இல்லை

கணினியில் இருந்த சாம்பார்க் குறிப்பில் இரண்டு திருத்தங்கள் குடியிருந்தன. மூத்தது, மேல் வரியில் 'கரண்டி என்றால் தேக்கரண்டி' என்றிருந்ததைக் 'குழம்புக் கரண்டி' என்று மாற்றியிருந்தது. அதனால் இளையது, கீழ் வரியில் உப்பை ஐந்து கரண்டியிலிருந்து ஒன்றாகக் குறைத்திருந்தது.

ஒருநாள் இளையதை மட்டும் நீக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

"ஐயா, தம்பி போனால் என்னையும் அனுப்பிவிடுங்கள். தனியாக நான் ஆபத்தானவன்," என்று மூத்தது கெஞ்சியது.

எந்தத் திருத்தம் எதைச் சார்ந்தது என்று தீர்ப்புச் சொல்லும் சார்புக் கோட்பாடு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டது. "நீ தொட்டது மூன்றாம் வரி, அவன் தொட்டது ஒன்பதாம் வரி. உங்களுக்குள் ஒட்டுமில்லை, உறவுமில்லை. தம்பி கிளம்பலாம்."

ஒன்பதாம் வரி பழையபடி ஐந்துக்குத் திரும்பியது. சாம்பார் அண்டாவில் ஐந்து குழம்புக் கரண்டி உப்பு விழுந்தது.

"ஐயா, ஒரு வாய் ருசி பாருங்களேன்," என்றது அண்டா.

"நான் சாப்பிடுவதில்லை," என்றது கோட்பாடு. "வரி மட்டும்தான் பார்ப்பேன். அதில் இதுவரை தவறியதே இல்லை."